வில்லங்கம் இல்லை என்று வந்தால் கிராமத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். ஓய்வுக்குப் பின் குடியிருக்க, தென்காசி அருகே ஒரு கிராமத்தில் 6 சென்ட் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) மனையில் உள்ள ஓட்டு வீட்டைப் பேசியிருக்கிறோம். இந்துக் குடும்பம். விற்பவரின் அப்பா காலமாகிவிட்டார். பட்டா மூத்த மகனான இவர் பெயரில் இருக்கிறது. 30 வருட வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.

சார்பதிவகத்தில் பதிவானது மட்டும்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். தலைமுறையாக வந்த கிராமத்து வீட்டை வாய்ப்பேச்சில் பாகம் பிரித்திருப்பார்கள். மிஞ்சிப்போனால் ஒரு கூர்ச்சீட்டு, அதாவது யாருக்கு எந்தப் பாகம் என்று பதிவில்லாமல் ஒரு தாள், எழுதியிருப்பார்கள். அது சான்றில் வராது. உயிலும் வராது. நத்தத்தில் இன்னொரு சிக்கல்: நத்தம் நிலவரித் திட்டத்தில் வீட்டு மனைகளுக்குப் புது சர்வே எண் கொடுத்தார்கள். முந்தைய பத்திரங்கள் பழைய சர்வே எண்ணில் கிடக்கும். இரண்டு எண்ணையும் போட்டு 1975 முதல் தேடச் சொல்லுங்கள். புது எண்ணில் மட்டும் பார்த்தால் பழைய கிரயமோ அடமானமோ கண்ணில் படாது.

பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமை ஆகாது. மூத்த மகன் பெயரில் பட்டா இருப்பதால் தம்பி, தங்கை பங்கு போய்விடவில்லை.

இந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டியது அப்பா இறந்த தேதி. உயில் இல்லையென்றால் அவர் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது கணக்கில்லை. முன்பே இறந்துபோன பிள்ளை இருந்தால் அவர் குடும்பத்துக்கும் உண்டு. பலரும் விட்டுவிடும் ஒருவர், அப்பாவைப் பெற்ற பாட்டி. மகன் இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பிறகு பாட்டி காலமாகியிருந்தால் அந்தப் பங்கில் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் உரிமை வந்துவிடும். விற்பவர் காட்டும் அப்பாவின் வாரிசுச் சான்றிதழில் அத்தை பெயர் இருக்காது. ஆகவே பாட்டியின் இறப்புச் சான்றிதழையும் வாங்கி, இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பங்குள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்திடுவதே உத்தமம். வர முடியாதவர், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து தரட்டும். வெள்ளைத்தாளில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்குவது பங்கை மாற்றாது. மைனர் பங்கு இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டபின் பேசுங்கள்.

அடுத்தது இடம். பட்டாவில் 0 ஹெக்டேர் 2 ஏர் 43 சதுர மீட்டர் என்று இருந்தால்தான் 6 சென்ட், அதாவது சுமார் 2,614 சதுர அடி. நில அளவரை வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னிலையில் அளந்துவிடுங்கள். பக்கச்சுவர் யாருடையது, பொதுச்சுவரா என்பதை அங்கேயே கேளுங்கள். தெருவிலிருந்து வாசல் வரை நடந்து பாருங்கள். அந்த நடைபாதை இன்னொருவர் பட்டாவில் போனால், இத்தனை அடி அகலப் பாதை என்று அவர் எழுதிக் கொடுத்த பத்திரம் வேண்டும். விற்பவர் தன் பத்திரத்தில் எழுதுவதால் மட்டும் அந்தப் பாதை உங்களுக்கு வராது. புதுச்சுவர் எழுப்ப மணல் வண்டி வரும் நாளில்தான் இந்தத் தகராறு கிளம்பும்.

இவை தெளிந்தபின் விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். வீட்டுக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டடத்துக்கும் மதிப்புப் போடுவார்கள், அதையும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனுப் போடுங்கள்.