ஆடு தெரிகிறது, பாடம் தெரியவில்லை: கால்நடை மருத்துவ முதலாண்டு மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் எங்கள் கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது முதலாண்டு. வீட்டில் முப்பது உருப்படி ஆடு உண்டு. அதனால் 'லைவ்ஸ்டாக் புரொடக்‌ஷன் மேனேஜ்மென்ட்' (கால்நடை உற்பத்தி, பராமரிப்பு) பாடம் மட்டுமாவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் உள்தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. அனாட்டமியில்கூடத் தேறிவிட்டேன். விடுதியில் எல்லோரும் சீனியர்களின் ஜெராக்ஸ் நோட்ஸை மனப்பாடம் செய்கிறார்கள், நானும் செய்தேன். டியூஷன் வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார். கல்லூரியில் யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: டியூஷன் வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் ஒரு ஜோடி கம்பூட்ஸ், ஒரு தையல் டேப், தடிமனான ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை அப்பாவிடமே கொடுத்துவிடலாம்.

இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆடு மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் முதல் தேர்வில் சறுக்குவது புதிதல்ல. 'இந்த ஆடு நல்லா குட்டி போடும்' என்று வீட்டில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். தேர்வுத்தாள் அத்தோடு விடாது. ஈற்றுக்கு எத்தனை குட்டி, இரண்டு ஈற்றுக்கு நடுவே எத்தனை நாள், மூன்று மாதத்தில் குட்டியின் எடை என்ன என்று கேட்கும். உங்களிடம் ஆடு இருக்கிறது, கணக்கு இல்லை. நகரத்துப் பிள்ளைகளிடம் கணக்கு இருக்கிறது, ஆடு இல்லை. கணக்கைச் சேர்த்துக்கொள்வதுதான் எளிது, அதற்கு வேண்டிய எல்லாம் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் பண்ணை. இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமத்தின் விதிப்படி ஒவ்வொரு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் மாணவர் பயிற்சிக்கென்றே ஒரு கால்நடைப் பண்ணை வளாகம் இருந்தாக வேண்டும். ஆனால் செய்முறை வகுப்பில் அறுபது பேர் ஒரு மாட்டைச் சுற்றி நின்றால் பின்வரிசைக்காரிக்கு வால்தான் தெரியும். அதனால் வகுப்பு நேரத்துக்கு வெளியே போங்கள். பண்ணைப் பொறுப்பாளரான பேராசிரியரைப் பார்த்து, 'வாரத்தில் இரண்டு நாள் காலைக் கறவை நேரத்தில் வந்து பார்க்கலாமா சார்?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு வந்த மாணவரை நான் திருப்பி அனுப்பியதே இல்லை. வந்தவர்கள்தான் குறைவு.

போனதும் எல்லா மாட்டையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு பசுவைத் தேர்ந்தெடுங்கள். அதன் காது வில்லையில் உள்ள எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஆண்டு முழுவதும் அதுதான் உங்கள் பாடப்புத்தகம்.

பண்ணை அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, பால், இனவிருத்தி, தீவன இருப்பு என்று வரிசையாகப் பதிவேடுகள் இருக்கும். உங்கள் பசுவின் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 2023 ஜனவரி 10 அன்று ஒரு கன்று, 2024 மார்ச் 4 அன்று அடுத்த கன்று என்று இருக்கிறது என வையுங்கள். இடையில் 419 நாள். இதுதான் இன்டர்-காவிங் பீரியட், அதாவது ஈற்று இடைவெளி. இதில் சினைக்காலம் சுமார் 280 நாளைக் கழித்தால் 139 வருகிறது. கன்று ஈன்ற பிறகு மறுபடி சினை பிடிக்க இந்தப் பசு எடுத்துக்கொண்ட நாட்கள் இவை. சர்வீஸ் பீரியட் என்று நீங்கள் மனப்பாடம் செய்தீர்களே, அது இதுதான். 60 முதல் 90 நாளுக்குள் சினை பிடித்தால்தான் ஏறத்தாழ வருடத்துக்கு ஒரு கன்று கிடைக்கும். அப்படியானால் இந்தப் பசுவுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? ஈன்றபின் மெலிந்து போனதா, நஞ்சுக்கொடி தங்கிக் கருப்பையில் சீழ் வைத்ததா, பருவத்துக்கு வந்ததை யாரும் கவனிக்கவில்லையா? இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுந்துவிட்டால் அந்த அத்தியாயத்தை இனி மறக்க மாட்டீர்கள்.

சர்வீஸ் பீரியட் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காளை பண்ணையில் வேலை செய்த மொத்தக் காலம் என்று அதற்கு விளக்கம் எழுதிய ஒரு மாணவனின் தாளைத் திருத்தியிருக்கிறேன். 'டிரை கவ்' என்றால் தண்ணீர் குடிக்காத மாடு என்று இன்னொருவர். சிரிப்பு வந்தாலும் தப்பு அவர்களுடையது மட்டுமல்ல. பால் வற்றிய மாடு என்று யாராவது ஒருமுறை தமிழில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உங்கள் மதிப்பெண் போனதற்குப் பாதிக் காரணம் இந்தச் சொல் இடைவெளிதான் என்று ஊகிக்கிறேன். நோட்டின் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு அகராதி தொடங்குங்கள். இந்தப் பக்கம் கிடாரி, அந்தப் பக்கம் ஹீஃபர். இந்தப் பக்கம் விரையடித்த கிடா, அந்தப் பக்கம் வெதர். ஐம்பது சொல் சேர்ந்ததும் வகுப்பில் நடப்பது வேறு மாதிரி கேட்கத் தொடங்கும்.

வீட்டு அறிவும் வீண் போகாது. சந்தையில் உங்கள் அப்பா ஆட்டின் கீழுதட்டை விலக்கி 'ரெண்டு பல்லு' என்பாரே, பற்களைப் பார்த்து வயது கணிக்கும் பாடம் அதுதான். ஆட்டுக்கு முதல் ஜோடி நிலைப்பல் 1 முதல் 1½ வயதுக்குள் முளைக்கும். மாட்டுக்கு 2 முதல் 2½ வயது ஆகும். எட்டும் முளைத்தால் ஊரில் 'பல் சேர்ந்தது', புத்தகத்தில் ஃபுல் மவுத். ஆட்டினங்கள் கேள்வியிலும் நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். முகத்தில் வெள்ளைக்கோடு ஓடும் கறுப்பு ஆட்டைப் பால்கன்னி என்றும், அந்தக் கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி என்றும் விளாத்திகுளத்துப் பிள்ளைக்கு யார் சொல்லித்தர வேண்டும்? வேம்பூர் செம்மறியைப் பொட்டு ஆடு என்று உங்கள் ஊரில் சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் பெயரையும் விடைத்தாளில் எழுதுங்கள்.

டேப் எதற்கென்றால் எடைக்கு. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து வால் பக்கத்து எலும்பு முனை வரை நீளம் ஒரு அளவு. இரண்டும் அங்குலத்தில். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 300 ஆல் வகுத்தால் பவுண்டில் எடை வரும். இது ஷேஃபர் சூத்திரம். நெஞ்சளவு 64, நீளம் 54 என்றால் 737 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 334 கிலோ. கணக்கோடு நிறுத்தாமல் அதே பசுவைப் பண்ணையின் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். வித்தியாசம் இருக்கும். மாடு கோணலாக நின்றதாலா, டேப் தளர்ந்ததாலா, காலையில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்ததாலா? இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மொழித் தேர்வுக்குப் போனால், தேர்வாளர் எங்கிருந்து வந்தாலும் உங்களிடம் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவார்.

பண்ணையில் இன்னொரு கூட்டத்தை மாணவர்கள் கண்டுகொள்வதே இல்லை. கறவையாட்கள், கொட்டில் சுத்தம் செய்பவர்கள், தீவனம் வெட்டுபவர்கள். 'அண்ணே', 'அக்கா' என்று கூப்பிட்டுப் பக்கத்தில் நின்றால் இவர்கள் கொட்டித் தருவதற்குக் கணக்கில்லை. முழுக்கைக் கறவை எப்படி, பெருவிரலை மடக்கிக் கறந்தால் காம்பு ஏன் கெட்டுப்போகிறது என்பதை அவர்கள் கையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மடியைக் கழுவித் துடைத்ததும் பால் சுரந்து இறங்கும். அதற்குக் காரணமான ஆக்ஸிடோசினின் வேலை சில நிமிடங்களுக்குள் தணிந்துவிடும், அதனால்தான் கறவை வேகமாக முடிய வேண்டும். ஹார்மோன் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாடு மிரண்டால் பாலை எக்கிக்கொள்ளும் என்பது கறவைக்கார அக்காவுக்குத் தெரியும். இரண்டும் ஒரே பாடம்தான். ஒன்று மட்டும் கவனம். அவர்கள் வேலையை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஒரு வாளியையாவது தூக்கிக் கொடுங்கள்.

தீவனக் கலவை அறைக்கும் ஒருநாள் போங்கள். தீவனவியல் பின்னால்தான் விரிவாக வரும் என்றாலும் இப்போதே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 9 சதவீதப் புரதமுள்ள மக்காச்சோளத்தையும் 45 சதவீதப் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கையும் கலந்து 18 சதவீதக் கலவை வேண்டும். கலவை விகிதம் காண உதவும் பியர்சன் சதுரத்தில் குறுக்காகக் கழித்தால் மக்காச்சோளம் 27 பங்கு (45-ல் 18 போக), புண்ணாக்கு 9 பங்கு (18-ல் 9 போக). ஆக 100 கிலோவுக்கு 75-ம் 25-ம். நிஜக் கலவையில் தவிடு, தாது உப்பு எல்லாம் சேரும் என்பது அங்கே மூட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

இனி ஆசிரியர்கள். 'புரியல சார்' என்று போனால் எந்த ஆசிரியராலும் அதிகம் உதவ முடியாது, எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. 'என் பசுவுக்கு 139 நாள் வருகிறது சார், ஏன் இவ்வளவு?' என்று போங்கள். அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசுவார். திருத்திய விடைத்தாளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை தெரியாமல் போன மதிப்பெண் எவ்வளவு, ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் போனது எவ்வளவு, படம் போடாததால் போனது எவ்வளவு என்று பிரித்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். பல கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் ஆலோசகராக ஓர் ஆசிரியரை ஒதுக்கியிருப்பார்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிப்பு மட்டுமில்லை, விடுதியில் தூக்கம் வராவிட்டாலும் சொல்லக்கூடிய ஆள் அவர்.

ஜெராக்ஸ் நோட்ஸ் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. ஒரு சீனியர் அவசரத்தில் தப்பாக எழுதிய எண் பத்து பேட்ச் தாண்டியும் விடைத்தாளில் வந்துகொண்டிருக்கும். பன்றியின் சினைக்காலத்தைப் பழைய வினாத்தாளில் பார்த்தால் நோட்ஸில் தேடாதீர்கள், நூலகத்தில் தேடுங்கள். 114 நாள், மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்று நினைவில் வைக்கலாம். நூலகத்தில் முந்தைய வினாத்தாள்கள் இருந்தால் வாங்கி, எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஆய்வேடுகள் வேண்டுமென்றால் கிரிஷிகோஷ் என்ற தேசியக் களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. தமிழில் அடிப்படை புரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் கால்நடைப் பகுதி உண்டு. அதைப் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் பாதி பயம் போய்விடும்.

முதலாண்டில் மருத்துவமனைப் பக்கம் போக வேண்டியதில்லை என்பார்கள். அனுமதி கிடைத்தால் சனிக்கிழமை ஓ.பி.யில் ஒரு மூலையில் நின்று பாருங்கள். கல்யாண வீட்டில் கொட்டிய சோற்றைத் தின்று வயிறு புளித்துப் படுத்த ஆடு, கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாத கறவை மாடு என்று வருபவற்றில் பல, கொட்டிலிலும் தீவனத்தொட்டியிலும் தொடங்கிய கதைகள். பராமரிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் அங்கே கிடைக்கும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் ஒரு கண்டிப்பு. வெறிநோய் முன்தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கல்லூரியில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடவே கூடாது. கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா கிருமி மனிதருக்கும் வரும், வந்தால் லேசில் விடாது. வீட்டில் இது சகஜம் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். கோழிக் கொட்டகைக்குள் கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைக்காமல் நுழையாதீர்கள். ஊரிலிருந்து திரும்பிய அன்றே அங்கே போக வேண்டாம், வீட்டுக் கோழியின் நோயை நீங்களே சுமந்து வந்திருக்கலாம்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். முப்பது ஆட்டுக்கும் அடையாளம் வைத்து, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது குட்டி போட்டது, அதற்கு முன் எப்போது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்குத் தேதி தெரியாது, 'கோயில் கொடைக்கு முந்தின வாரம்' என்பார். அதை நாட்காட்டியில் தேடித் தேதியாக்குவது உங்கள் வேலை. வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். மீதிக் கணக்கு உங்களுக்கே வரும். எந்த ஆட்டை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கணக்கைக் காட்டி அப்பாவிடம் பேசிப் பாருங்கள். டியூஷன் பேச்சு அத்தோடு நின்றுவிடும். அடுத்து எழுதும்போது உங்கள் பசுவின் காது எண்ணையும் அதன் ஈற்று இடைவெளியையும் எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.