தீயணைக்கச் சேர்ந்தவருக்கு ஆம்புலன்ஸ் பணி

வணக்கம் நண்பரே. தீயணைப்புத் தொண்டராகச் சேர்ந்த உங்களை ஆம்புலன்ஸ் முறைக்கும் போட்டுவிட்டார்கள், மருத்துவம் தெரியாதே என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். பயிற்சி முடியும்வரை அனுபவசாலி ஒருவரோடுதான் போவேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்யும் முதலுதவியாக, நெஞ்சை அழுத்திப் பழகுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறணும். கை களைத்து ஆழம் குறைவது அழுத்துபவருக்கே தெரியாது.

முக்கியமாக, புகையில் சிக்கியவருக்கு விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 98 சதவீதம் காட்டினாலும் நம்பாதீர்கள். புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும். தலைவலி, குமட்டல், குழப்பம் இருந்தால் ஆக்சிஜன் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் சக வீரர்களுக்கும் இதேதான்.