பிள்ளைகளின் பெயர்கள் ஒரே எழுத்தில் முடிய வேண்டுமானால்

கேள்வி: எங்கள் மூத்த மகன் கதிரவன், இளையவன் மாறன். மூன்றாவது குழந்தையின் பெயரும் ‘ன்’ என்றே முடிய வேண்டும் என்று என் மாமியார் விரும்புகிறார். பெண் பிறந்தால் என்ன செய்வது? (ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீசியஸ்)

பதில்: உங்கள் மாமியாரின் விருப்பம் நிறைவேறக்கூடியதே. ஆனால் அது எழுத்தில் நிறைவேற வேண்டுமா, காதில் நிறைவேற வேண்டுமா என்பதை அவரிடமே முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உங்கள் மகன்களின் பெயர்களில் உள்ள ‘அன்’ ஆண்பால் விகுதியாதலால், அதைப் பெண் பெயரில் ஒட்ட இயலாது. தேன், மான் போன்ற சொற்களை இறுதியில் வைத்துப் பெயர் அமைக்கலாம் என்றாலும், அவை வலிந்து தேடிய பெயர்களாகவே தோன்றும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டில் நாள் முழுவதும் ஒலிப்பது பெயரின் விளி வடிவமே. ‘அன்’ ஈற்றுப் பெயர்கள் விளிக்கும்போது இறுதி மெய் கெட்டு ‘ஆ’ என நீளும் என்பது இலக்கணம் கூறும் விதி. நீங்களும் கதிரவா, மாறா என்றுதான் கூப்பிடுவீர்கள். ஆகவே நிலா, அமுதா, வெண்பா என ‘ஆ’வில் முடியும் பெயரொன்றை மகளுக்குச் சூட்டினால், மூவரையும் அழைக்கும்போது ஓசை ஒன்றாக முடியும். முதலெழுத்துகள் வேறுபடுவதால், அடுத்த அறையிலிருந்து அழைத்தாலும் குழப்பம் நேராது.

இம்மூன்றில் எதைத் தேர்வது என்பதற்கு நம் தீவின் சூழலையும் கருத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் ரோமன் எழுத்தில் ஏறுகிறது; அதைப் பிரெஞ்சு வாசிப்புப் பழக்கத்தோடு படிப்பவர்களோ இங்கு மிகுதி. வெண்பா என்னும் அழகிய பெயரை ஆங்கில முறைப்படி எழுதினால், முதல் அசை மூக்கொலியாகி ‘வாம்பா’ என்பது போல ஒலிக்கக்கூடும். அமுதாவில் உள்ள உகரத்தை ஒற்றை ‘யு’ கொண்டு எழுதினால் அதுவும் திரியும். முருகன் போன்ற பெயர்களை நம் முன்னோர் ‘ஓ’, ‘யு’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதியது போலவே இதையும் எழுத வேண்டியிருக்கும். நிலாவுக்கு இந்தச் சிக்கல் ஏதுமில்லை. நான்கே எழுத்துகள், யார் வாசித்தாலும் நிலாதான். கதிரவனுக்குத் தங்கையாக நிலா அமைவது பொருளாலும் பொருத்தமே.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களாயின், அது முதலெழுத்தை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால், ‘ஆ’வில் முடியும் பெயர்கள் பலவற்றை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பை 45 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பின்னர் பெயரை மாற்றுவது அட்டர்னி ஜெனரலுக்கு விண்ணப்பிக்கும் வரை நீளும் வேலை. எனவே பெயரை வாயால் சொல்லாமல், தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஆண் பிறந்தால் செழியன் நன்று. அப்போது அண்ணன்மாரின் சான்றிதழ்களையும் எடுத்துச் சென்று, அவற்றில் ‘அன்’ எந்த எழுத்துகளால் பதிவாகியுள்ளதோ அதே எழுத்துகளால் இதையும் பதியச் சொல்லுங்கள்.