மரபணு மாற்றம் இருந்தால் ஐசிடி கட்டாயமா?

கேள்வி: எனக்கு 34 வயது, ஊர் களியக்காவிளை. என் அண்ணன் 36 வயதில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்துவிட்டார். அதன் பிறகு எடுத்த எக்கோவில் என் இதயச் சுவர் 19 மில்லிமீட்டர் தடித்திருப்பது தெரிந்தது. மரபணுச் சோதனையிலும் மாற்றம் இருக்கிறது. எனக்கு மயக்கம் வந்ததில்லை. ஐசிடி (ஆபத்தான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும், உடலுக்குள் பொருத்தும் கருவி) பொருத்தியே ஆக வேண்டுமா? 11 வயது மகளை என்ன செய்வது?

பதில்: உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால், மரபணு அறிக்கையை மட்டும் வைத்து ஐசிடி பொருத்த முடிவெடுக்கக் கூடாது. ஒரே மாற்றத்தைச் சுமக்கும் அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கு நோய் கடுமையாகவும், மற்றவருக்கு லேசாகவும் இருப்பதுண்டு.

இதயச் சுவர் இப்படித் தடிக்கும் இதயத்தசை தடிப்பு நோயில் ஆபத்தான துடிப்பு வரக்கூடிய வாய்ப்பைக் கணிக்க, 2014இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் பரிந்துரைத்த கணக்கீடு வயது, சுவரின் தடிமன், இடது மேலறையின் அளவு, இரத்தம் வெளியேறும் பாதையின் அடைப்பு, குடும்பத்தில் திடீர் மரணம், காரணம் தெரியாத மயக்கம், உடலில் அணிந்து துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஹோல்டர் கருவியில் பதிவாகும் விரைவுத் துடிப்புத் தொடர் ஆகிய ஏழையும் சேர்த்து, அடுத்த ஐந்தாண்டுக்கான வாய்ப்பைச் சதவீதமாகத் தருகிறது. 6 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஐசிடியைப் பரிந்துரைக்கிறோம். 4க்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தேவைப்படாது. இடைப்பட்டவர்களுக்குக் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அண்ணன் 40 வயதுக்குள் இறந்தது உங்கள் கணக்கில் நிச்சயமாகச் சேரும்.

இதயத்துக்கான எம்ஆர்ஐயையும் நான் வலியுறுத்துவேன்; ஏனெனில், தசையில் பரவலான தழும்போ கீழறை நுனியில் புடைப்போ இருந்தால், அந்தக் கணக்கீடு காட்டாத ஆபத்தை அவை காட்டிக்கொடுக்கும். ஹோல்டர், எம்ஆர்ஐ இரண்டின் முடிவுகளோடும் இதயத்துடிப்பு நிபுணரைப் பாருங்கள். உங்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம் பக்கம்தான். ஐசிடி உயிரைக் காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தேவையற்ற மின்னதிர்ச்சி, கிருமித் தொற்று, கம்பிப் பழுது ஆகியவற்றை இளம் வயதிலிருந்தே சுமக்க நேரலாம் என்பதால்தான் இவ்வளவு கவனம். வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது; ஆகவே ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கணக்கிட வேண்டும்.

மகளுக்கு இந்த மாற்றம் வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. உங்களிடம் கண்ட மாற்றம் நோய்க்குக் காரணமானது என்று உறுதியாகியிருந்தால், அதை மட்டும் அவளுக்குச் சோதித்தால் போதும். அது இல்லையென்றால் தொடர் பரிசோதனை வேண்டியதில்லை. இருந்தால் இசிஜியும் எக்கோவும் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கீடு 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தாது. அவளைக் குழந்தைகள் இதய மருத்துவரிடமே காட்டுங்கள்.

உங்களுக்கோ அவளுக்கோ ஓடும்போதோ பளு தூக்கும்போதோ மயக்கம் வந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.