ரெயிலிங்கை எப்போது ஒட்டுவது?

கேள்வி: டாமியாவின் 1/350 (உண்மை அளவில் 350-ல் ஒரு பங்கு) பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மாடலைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கென்று தனியாகப் பித்தளை ஃபோட்டோ எட்ச் செட்டும் (மெல்லிய தகட்டில் அரித்து எடுத்த நுணுக்கமான துண்டுகள்) வாங்கினேன். "பெயின்ட்டுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒட்டிடுங்க" என்றார் விற்றவர். மேல்தளத்தைச் சுற்றி ரெயிலிங் ஒட்டி முடித்துவிட்டேன். இப்போது பக்கவாட்டில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க மாஸ்கிங் டேப் ஒட்ட முடியவில்லை. கை பட்ட இடமெல்லாம் வளைகிறது. பிய்த்துவிடலாமா?

பதில்: பிய்த்துவிடுங்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். விற்றவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. செட்டில் இருப்பதெல்லாம் ஒரே ரகம் என்று நினைத்ததுதான் தப்பு.

ஒவ்வொரு துண்டையும் எடுக்கும்போது இதை மட்டும் பாருங்கள்: இது உட்கார வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் எதையாவது சுரண்ட வேண்டுமா? கதவு, சுவரோடு வார்த்த ஏணி, விமானம் ஏவும் மேடை, கிரேன் எல்லாம் அந்த வகை. பழைய பிளாஸ்டிக் உருவத்தைச் சீவி, உப்புத்தாள் போட்டு, இடுக்கில் புட்டி வைத்த பிறகுதான் பித்தளை ஏறும். பெயின்ட் அடித்துவிட்டு இதைச் செய்ய முடியாது. எனவே இவை ப்ரைமருக்கு முன்பே. ரெயிலிங், ரேடார், ஆன்டெனா மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பவை எல்லாம் கடைசியில்.

உண்மைக் கப்பலில் ரெயிலிங் ஒரு மீட்டர் உயரம் என்று வையுங்கள், உங்கள் மாடலில் அது மூன்று மில்லிமீட்டர் கூட வராது. தகட்டின் கனம் 0.1, 0.15 மி.மீ. இருந்தால் அதிகம். கப்பலோ 72 செ.மீ. நீளம். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ரெயிலிங்கைச் சுற்றிக் கட்டிவிட்டு, அந்தக் கப்பலை எங்கே பிடித்துத் தூக்குவீர்கள்? நானும் ஒரு முறை டேப்பை உரித்தேன், ஒரு சாண் ரெயிலிங் டேப்போடு சேர்ந்து வந்தது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பால்டிக் கடலில் இருந்தபோது அடித்தவை. 1941 மே 21 அன்று நார்வேயின் கிரிம்ஸ்டாட் ஃபியோர்டில் நின்றபோது அவற்றைச் சாம்பல் நிறத்தால் மூடிவிட்டார்கள். பிரிட்டனின் ஹூட் போர்க்கப்பலை மூழ்கடித்த மே 24-ஆம் தேதி பிஸ்மார்க்கைக் கட்டுவதானால் உங்களுக்கு டேப் வேலை பாதி மிச்சம். அப்போதும் ரெயிலிங் கடைசிதான்.

கடைசி என்றால் எல்லாம் முடிந்த பிறகு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பளபளப்பில்லாத மேட் வார்னிஷுக்கு முன். சூப்பர் க்ளூ காய்ந்தால் பளபளக்கும், அதை மறைப்பது அந்த வார்னிஷ்தான். ரெயிலிங்கைத் தகட்டிலிருந்து வெட்டாமலே வினிகரில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ப்ரைமர் போட்டு, சாம்பல் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு தரை ஓட்டின் மேல் வைத்து, வளைந்த பிளேடால் அழுத்தி வெட்டுங்கள். மடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பறக்கிற துண்டு அதில்தான் விழும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பக்கக் கட்டளைக் கோபுரத்தைப் பாருங்கள், தளத்தின் மேல் தளமாக அடுக்கியிருக்கும். மேல் அடுக்கை ஒட்டியபின் கீழ் அடுக்கின் உள்பக்கம் ட்வீசர் நுழையாது. அங்கே "ரெயிலிங் கடைசி" என்று பிடிவாதம் பிடித்தால் ரெயிலிங்கே இருக்காது. ஒவ்வொரு அடுக்கையும் தனியாகப் பெயின்ட் அடியுங்கள், அதற்குரிய ரெயிலிங்கை ஒட்டுங்கள், அதற்குப் பிறகு மேல் அடுக்கை வையுங்கள். எல்லா அடுக்குக்கும் இது தேவையில்லை. பெயின்ட் அடிக்கும் முன்பே அடுக்குகளை ஒட்டாமல் சும்மா ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ட்வீசரை உள்ளே விட்டுப் பாருங்கள். நுனி இடிக்கிற அடுக்கு மட்டும்தான் விலக்கு. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கோபுரத்தை மொத்தமாக ஒட்டிவிட்டு வந்து நிற்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட் ஆகாது. அது பாலிஸ்டைரினைக் கரைத்துப் பிடிக்கிற சமாச்சாரம், பித்தளையை அது என்ன செய்யும்? சூப்பர் க்ளூதான், ஆனால் பாட்டிலிலிருந்து நேராக அல்ல. தையல் ஊசியின் காதை மேல்பாதி நறுக்கினால் சின்னக் கவைமுள் மாதிரி நிற்கும். அதில் ஒரு துளியைத் தொட்டு ரெயிலிங்கின் அடியில் வைத்தால் பசை தானே ஓடிப் பரவும்.

இன்னொன்று, வாங்குகிற இடம். "1/350 பிஸ்மார்க், எல்லா கிட்டுக்கும் பொருந்தும்" என்று விற்கிறார்கள். டாமியா, ரெவெல், அகாடமி மூன்றுமே 1/350-ல் பிஸ்மார்க் போட்டிருக்கின்றன, மூன்றின் அளவும் அச்சும் வேறு வேறு. உறையில் உங்கள் கிட்டின் பெயர் அச்சாகியிருந்தால் மட்டும் வாங்குங்கள். பிரித்த உறையில், வழிகாட்டித் தாள் இல்லாமல் கொடுத்தால் தகட்டை எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இப்படி உறை பிரித்து விற்கும் இடைத்தரகர்கள் பிழைக்கக் காரணமே நம் சுங்கத் துறைதான். ஸ்கேல் மாடலும் குழந்தையின் கிலுகிலுப்பையும் அவர்கள் வரி அட்டவணையில் ஒரே எண், 9503. பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70. நேர்மையான கடைக்காரர் வரவழைத்தால் விலை எகிறுகிறது, வாங்குகிறவர் மூட்டை பிரித்து விற்பவரிடம் போகிறார். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை வளர்க்கிறார்களாம். மூன்று மில்லிமீட்டர் ரெயிலிங் எந்த ஊர்ப் பொம்மைக்குப் போட்டி?

சரி, பிய்ப்பது. நெயில் பாலிஷ் ரிமூவர் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் பசையோடு உங்கள் தளமும் கரையும். சூப்பர் க்ளூ இழுத்தால் பிடிக்கும், பக்கவாட்டில் தள்ளினால் உடையும். பிளேடின் முனையைத் தளத்தோடு படுக்கவைத்து ரெயிலிங்கின் அடியில் நுழைத்து, மெல்லத் திருகுங்கள். 'டிக்' என்று விடும். இரண்டு செ.மீ.க்கு ஒரு இடம் என்று நகருங்கள், அவசரப்பட்டு ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுதும் சுருண்டுவிடும். மிச்சப் பசையைச் சுரண்டி, தளத்தை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பட்டை வேலையைத் தொடங்குங்கள். வளைந்த ரெயிலிங்கை ஓட்டின் மேல் வைத்து ஸ்டீல் ஸ்கேலால் அழுத்தினால் பெரும்பாலும் நேராகும். நேராகாததைக் கப்பலின் பின்பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.