ட்ரெயினர் ஏற்றத்தில் பாரமாகவில்லை, வாட் இடையில் பூச்சியமாகிறது: புதிது வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தி ஓட வைக்கிற உங்கள் ட்ரெயினரின் "போர்ட் போயிற்று" (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை பழுது) என்று கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்க தம்பி. நீங்கள் எழுதியிருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. திரையில் பாதையைக் காட்டி ஓட வைக்கிற ஸ்விஃப்ட் அப்பில் ஏற்றம் வரும்போது பெடல் பாரமாகவில்லை என்பது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வாட் (நீங்கள் மிதிக்கிற சக்தியின் அளவு) பூச்சியமாகித் திரையில் உங்கள் உருவம் நின்றுவிடுகிறது என்பது மற்றது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம், இரண்டும் ட்ரெயினருக்கு வெளியே இருக்கவும் கூடும்.

எனக்கும் இதே வசனம்தான் சொன்னார்கள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் ஆரையம்பதி. நீங்கள் அக்கரைப்பற்று என்கிறீர்கள். உங்களுடையதும் வெளிநாட்டில் இருக்கிற யாரோ சொந்தக்காரர் பாவித்துவிட்டுக் கொண்டுவந்து தந்ததாகத்தான் இருக்கும். என்னுடையது சுவிஸில் இருக்கிற அண்ணன் லீவில் வந்தபோது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. பின்சில்லை உருளையோடு அழுத்தி வைத்து ஓடுகிற பழைய வகை.

"றோட்டு இருக்கும்போது வீட்டுக்குள்ள ஏன் சைக்கிள்?" என்று இதற்குக் கீழே எழுத நினைப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வர இருட்டிவிடும். அந்த நேரத்தில் ஏ4 வீதியில் லொறிக்கும் கட்டாக்காலி மாடுகளுக்கும் நடுவில் ஒரு பெண் தனியாக வேகமாக ஓடிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். மாட்டையும் லொறியையும் விடுங்க, மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து கதை கேட்டுக்கொண்டே வருகிறவர்களுக்கு என்ன செய்வது? அதோடு எங்கள் கரையோரம் முழுக்கச் சமதரை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் போனாலும் பெரிய ஏற்றம் என்று சொல்லப் பாலங்கள்தான். ஸ்விஃப்டில் அல்ப் டு ஸ்விஃப்ட் என்ற மலைப்பாதை 12.2 கிலோமீற்றர் தூரம், ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏற்றம், 21 கொண்டை வளைவுகள். பிரான்ஸின் அல்ப் துவேஸ் மலைப்பாதையைப் பார்த்துச் செய்தது. அதை நான் விறாந்தையில் வைத்து ஏறினேன். அது விளையாட்டு இல்லை என்று யாராவது சொன்னால், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2020இலேயே இதற்கு உலகச் சாம்பியன் போட்டி வைத்தது, பெண்கள் பிரிவில் தென்னாபிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ வென்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, வாட் பூச்சியமாகும் கதைக்கு வருகிறேன்.

எனக்கும் பின்னேரங்களில் அப்படித்தான் நடந்தது. காலையில் ஒரு குறையும் இல்லை. பின்னேரம் ஏறி உட்கார்ந்தால் திடீரென்று வாட் பூச்சியம், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும், பிறகும் போகும். எல்லோரும் இன்டர்நெட் என்றார்கள். நான் திரையைப் பார்த்தேன். என் உருவம் நிற்கிறது, ஆனால் மற்றவர்கள் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். இதைக் கட்டாயம் கவனியுங்க. இன்டர்நெட் அறுந்தால் மற்ற ஆட்கள் மறைந்துபோவார்கள், நீங்கள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்கள் ஓட நீங்கள் மட்டும் நின்றால், ட்ரெயினருக்கும் கணினிக்கும் இடையில்தான் அறுகிறது. ரவுட்டரை மாற்றுவதும் பெக்கேஜைக் கூட்டுவதும் அதற்கு உதவாது.

அந்தக் கட்டத்தில்தான் கடைக்குப் போனோம். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ட்ரெயினர் என்னுடையது, ஓடுகிறது நான், எந்த நேரத்தில் எப்படி அறுகிறது என்று தெரிந்ததும் எனக்கு. ஆனால் அங்கே இருந்தவர் என்னோடு வந்த என் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார். நான் கேள்வி கேட்டால் பதில் தம்பிக்குப் போகும். "அக்காவுக்கு விளங்காது, நீங்க கேளுங்க" என்றே சொன்னார். ட்ரெயினரைக் கரண்டில் போட்டுக்கூடப் பார்க்காமல் போர்ட் போயிற்று என்று முடித்தார். கொம்பியூட்டர் கடை, போன் கடை, மோட்டார் சைக்கிள் கராஜ் என்று எங்கே போனாலும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதுதான் நடக்கிறது. காசு எங்களிடம் வாங்குகிறார்கள், விளக்கம் மட்டும் பக்கத்தில் நிற்கிற ஆம்பிளைக்கு.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். தம்பி கலியாண வீடியோ எடுக்கிறவன். பின்னேரங்களில் என் லெப்டொப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வீடியோக்களைப் பிரதி பண்ணுவான். ட்ரெயினரின் சிக்னலை வாங்குகிற ஆன்ட் பிளஸ் (புளூடூத் மாதிரி வயரில்லாத ஒரு தொடர்பு) டொங்கிளும் அதே பக்கத்தில், ஒட்டினாற்போல் அடுத்த துளையில். ஆன்ட் பிளஸும் புளூடூத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன, வைஃபையும் பல வீடுகளில் அதே அலைவரிசையில்தான். ஹார்ட் டிஸ்க் செருகியிருந்த யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும்; இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. சந்தைக்கு நடுவில் நின்று காதுக்குள் இரகசியம் சொன்னதுபோலத்தான் என் டொங்கிளின் நிலைமை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன், அறுபடவில்லை. திரும்பச் செருகச் சொன்னேன், அறுந்தது. பிறகு ஒரு யூஎஸ்பி நீட்டு வயர் வாங்கி டொங்கிளை ட்ரெயினருக்குக் கிட்டக் கொண்டுபோய் நிலத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு தம்பி என்ன பிரதி பண்ணினாலும் எனக்குக் கவலையில்லை.

உங்கள் வீட்டில் ஹார்ட் டிஸ்க் இல்லை என்பீர்கள். ரவுட்டர் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்க. லெப்டொப்பை 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்க, அல்லது வயரால் இணையுங்க. குசினியில் மைக்ரோவேவ் ஓடும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்க, அதுவும் இதே அலைவரிசைதான்.

இனி ஏற்றத்தில் பாரமாகாத பிரச்சினை. ஸ்விஃப்ட் தொடங்கும்போது கருவிகளை இணைக்கிற திரையில் வாட்டுக்கு ஒரு கட்டம், பெடல் சுற்றுக்கு ஒரு கட்டம், எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருக்கும். கடைசியாகச் சொன்ன அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் வாட் மட்டும் வரும், மலை வராது. பழைய ட்ரெயினர்களில் பல, புளூடூத்தில் ஒரே ஒரு கருவியோடுதான் சேரும். எங்கள் வீட்டில் மருமகன் டெப்பில் ட்ரெயினர் கம்பனியின் அப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் வைத்திருந்தான். டெப் பக்கத்து அறையில் இருந்தபடியே ட்ரெயினரைப் பிடித்து வைத்திருந்தது. வீட்டிலுள்ள எல்லாப் போனிலும் டெப்பிலும் புளூடூத்தை நிறுத்திவிட்டுத் திரும்ப இணைத்துப் பாருங்க. விண்டோஸின் புளூடூத் பட்டியலில் ட்ரெயினரைச் சேர்த்திருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்க. ஸ்விஃப்டுக்குள் மட்டும்தான் சேர்க்க வேண்டும். பழைய ஆண்ட்ரொய்ட் போனில் ஓடுவதானால் லொக்கேஷன் அனுமதி கொடுக்காவிட்டால் ட்ரெயினர் கண்ணிலேயே படாது.

கட்டம் நிரம்பியிருந்தும் பாரம் போதவில்லை என்றால் செட்டிங்ஸில் ட்ரெயினர் டிஃபிகல்ட்டி என்று ஒன்று இருக்கிறது. அது வழமையாக ஐம்பது வீதத்தில் நிற்கும். அதாவது திரையில் பத்து வீத ஏற்றம் வந்தாலும் காலுக்கு ஐந்து வீதம்தான் தெரியும். அதைக் கூட்டுங்க. ஏறத் தேவையான வாட் இதனால் மாறாது, கியர் மாற்ற வேண்டிய தேவைதான் கூடும். குறைத்து வைப்பது ஏமாற்று என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

உங்களுடையதும் பின்சில்லு அழுத்துகிற வகையென்றால் இன்னொன்று. காற்று குறைந்த டயர் உருளையில் வழுக்கும், வாட் பொய் சொல்லும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று, ஒரே அளவு இறுக்கம். பத்து நிமிடம் ஓடிச் சூடாக்கிய பிறகு ஸ்பின்டவுன் (வேகமாக மிதித்துவிட்டுச் சில்லைத் தானாக நிற்க விட்டு அளவைச் சரிப்படுத்துவது) செய்யுங்க, குளிர்ந்த ட்ரெயினரில் செய்வதில் பயனில்லை. கச்சான் என்கிற சூடான காற்று வீசுகிற மாதங்களில் ஃபேன் இல்லாமல் ஏறவே வேண்டாம், அது ட்ரெயினருக்காக இல்லை, உங்களுக்காக.

ஸ்விஃப்டில்தான் குறையோ என்று சந்தேகம் இருந்தால் ஸ்விஃப்ட் மாதிரியே இன்னொரு அப்பான மைவூஷை இறக்கி அதே ட்ரெயினரோடு ஓடிப் பாருங்க, அது இலவசம். அதிலும் அறுந்து, வேறொரு போனில் ஓடியும் அறுந்தால் அப்போது ட்ரெயினரைச் சந்தேகிக்கலாம். அந்த நிலைமை வந்தால் ட்ரெயினரின் மொடல், லெப்டொப்பா போனா, எந்த நேரத்தில் அறுகிறது என்ற விபரங்களோடு இங்கேயே எழுதுங்க. லெப்டொப் என்றால் டொக்யூமென்ட்ஸுக்குள் ஸ்விஃப்ட் போல்டரில் லொக்ஸ் என்று இருக்கும், அன்றைய ஃபைலையும் எடுத்து வையுங்க.