வயலினா, வானியலா?

மகள் ப்ளஸ் டூ. வயலினில் எட்டாவது கிரேடு முடித்தாயிற்று. இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். 'வயலினைத் தொழிலாக எடுப்பதா, வானியல் படிப்பதா என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறாள் சார்' என்று எழுதியிருக்கிறீர்கள். எது ஆறு, எது சேறு என்று மட்டும் சொல்லவில்லை!

லண்டன் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் செசிலியா பெய்ன் என்றொரு மாணவி, பின்னாளில் வானியலாளர் ஆனவர். அங்கே இசை ஆசிரியர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட். 'கோள்கள்' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையை எழுதிய அதே ஹோல்ஸ்ட். அவரே 'இசைக்கு வந்துவிடு' என்று வற்புறுத்தியும் செசிலியா கேட்கவில்லை. 1919-ல் கேம்பிரிட்ஜ் போனவர் முதலில் எடுத்ததோ தாவரவியலை. அந்த ஆண்டுச் சூரிய கிரகணத்தைப் பற்றி வானியலாளர் எடிங்டன் பேசியதைக் கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, முழுப் பேச்சையும் நினைவிலிருந்தே எழுதிவைத்தார். எழுதச் சொன்னவர் யாருமில்லை. வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த மாதிரி விஷயத்தைத்தான். மார்க் ஷீட் அதைக் காட்டாது.

அப்புறமும் பாதை சுலபமாக இல்லை. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் அப்போது பட்டம் தரவில்லை (1948-ல்தான் தந்தது). ஹார்வர்டுக்குப் போய், நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று 1925 ஆய்வேட்டில் கண்டார். வானியலில் அன்றைய பெரியவர் ஹென்றி ரஸ்ஸல் நம்பாததால், அந்த அளவு உண்மையாக இருக்காது என்று தானே எழுத நேர்ந்தது. நான்கு வருடத்தில் ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்தார். முழுப் பேராசிரியர் பதவி 1956-ல்.

ஆர்கெஸ்ட்ரா பக்கமும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1882-ல் தொடங்கிய பெர்லின் பில்ஹார்மோனிக்கில் முதல் பெண்ணாக வயலின் கலைஞர் மாடலின் கரூசோ சேர்ந்தது 1982-ல். இன்று பல குழுக்கள் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு செய்கின்றன. செருப்புச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று கம்பளம் விரிப்பதும் உண்டு.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மாதச் சம்பளத்துக்கு ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க நம் நாட்டில் இடம் மிகக் குறைவு. மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைச் சொல்லலாம். அதுதான் வேண்டும் என்றால், தினம் நாலைந்து மணி நேர சாதகத்தோடு வெளிநாட்டு இசைக் கல்லூரிகளுக்கும் முயல வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது. வானியலுக்கு பி.எஸ்சி. மட்டும் போதாது. இயற்பியலில் முதுகலை, பிறகு பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் உதவித்தொகையோடு பிஎச்.டி. என்று பத்து வருடக் கணக்கு. இந்திய வானியல் சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண் ஜி.சி. அனுபமா பெங்களூரு நிறுவனத்தில் பணியாற்றியவர்தான்.

என் யோசனை: இயற்பியலுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். பொதுத் தேர்வு முடியும்வரை வயலின் வகுப்பு வாரம் ஒரு நாள் போதும். பெட்டியைப் பரண்மேல் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.